வீட்டிலிருந்து விடுதிக்கு

கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தில் ஒரு சிறு கட்டம் உண்டு. விடுதியில் இடம் தேவையா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை எனக் குறிக்கச் சொல்லும் கட்டம். பெரும்பாலோர் தொலைவையும் செலவையும் கணக்கிட்டு அதை நிரப்பிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றனர். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் அந்த ஒரு கட்டத்தின் முன் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் அமர்ந்திருக்கும் இளைஞரும் இருக்கின்றனர். 'இந்த வீட்டில் இருந்துகொண்டு என்னால் படிக்க முடியுமா? முடியாதென்றால், விட்டுப் போவது தகுமா?' என்பதே அவர்கள் அந்தக் கட்டத்தில் படிக்கும் வினா. முதலாண்டில் 'இல்லை' என்று குறித்துவிட்டு, இரண்டாம் ஆண்டின் நடுவில் அதே வினாவிடம் மீண்டும் வந்து சேர்வோரும் பலர்.

இதைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுவதில்லை. குடும்பம் என்றவுடன் நமக்கு நாசரேத்து நினைவுக்கு வருகிறது. திருக்குடும்பத் திருநாளன்று நாம் கேட்கும் மறையுரைகளும் அன்பு தழைக்கும் இல்லத்தையே வரைந்து காட்டுகின்றன. அது நன்றே. ஆயினும் அந்த மறையுரையைக் கேட்டபடி ஆலயத்தின் நடுவரிசையில் அமர்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பெண், முந்தைய இரவு தன் வீட்டில் சுவரில் எறியப்பட்ட சோற்றுத் தட்டை நினைத்துக்கொண்டிருக்கக் கூடும். அவளுக்குச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். அது லால்குடிப் பக்கத்தில் இருக்கட்டும். மகள் படிப்பது திருச்சியில். காலையில் பேருந்தைப் பிடித்துப் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆகவே விடுதிக்கு 'அவசியம் இல்லை' என்று வீட்டில் முடிவாயிற்று. தந்தை கடுமையாக உழைப்பவர், மாலையில் குடிப்பவர். எந்த மாலையில் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. வாசலில் வண்டியை நிறுத்தும் ஓசையிலிருந்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்பதை அந்தப் பெண் கணித்துவிடுகிறாள். ஒரு காது புத்தகத்திலும் மறு காது தெருவிலுமாக அவள் படிக்கிறாள். தாயின் குரல் உயர்ந்தால் எழுந்து போக வேண்டும். தம்பி விழித்துவிட்டால் அவனை உள்ளறைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் கேட்டுவிடாதபடி தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்ட வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறும்போது அவள் ஏற்கெனவே ஒரு நாள் வேலையை முடித்திருக்கிறாள். வகுப்பில் அவள் கண் சொருகுவதைக் கண்டு, 'ராத்திரியெல்லாம் போனா?' என்று கேட்கும் ஆசிரியருக்கு அவள் சிரித்து மழுப்புகிறாள்.

குடியில்லாத வீடுகளிலும் இந்த நெருக்கடி உண்டு. ஒரே கூரையின்கீழ் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத கணவன் மனைவியர் இருக்கின்றனர். 'உங்கப்பாகிட்ட சொல்லு', 'உங்கம்மாவைக் கேளு' என்று இரு பக்கமும் செய்தி சுமக்கும் தபால்காரராகப் பிள்ளை வளர்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போது 'அப்பா ஊர்ல இல்லை' என்று சொல்ல அனுப்பப்படும் பிள்ளை இருக்கிறது. மதிப்பெண்ணையும் நிறத்தையும் திருமணச் செலவையும் சொல்லிச் சொல்லிக் குத்தும் வீடு இருக்கிறது. அங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் யாரும் நிமிர்ந்து உட்காருவதும் இல்லை. இவற்றையெல்லாம் 'எல்லா வீட்டிலும் உள்ளதுதான்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது நம் வழக்கம். சில எல்லா வீட்டிலும் உள்ளவைதாம். பலவும் அப்படி அல்ல.

தமிழ்நாட்டு அரசின் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர ஒரு விதி இருக்கிறது. மாணவனின் வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே 8 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்க வேண்டும். இந்தத் தொலைவு விதி மாணவியர்க்குப் பொருந்தாது. எதை எண்ணி இவ்விலக்கை வைத்தார்களோ, வைத்தவர்களை நாம் வாழ்த்துகிறோம். எனினும் பாலக்கரையில் வீடும் கூப்பிடு தூரத்தில் கல்லூரியும் உடைய ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். அவன் இரவு பதினொரு மணிக்குப் புத்தகத்துடன் தெருவிளக்கின் கீழ் வந்து அமர்கிறான். அவனுக்கும் அமைதியாகப் படிக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தொலைவை எந்த அலுவலகத்திலும் அளக்க முடியாது. இடம் குறைவாகவும் கேட்போர் மிகுதியாகவும் இருக்கையில் அரசு ஏதேனும் ஓர் அளவுகோலைப் பிடித்தாக வேண்டும் என்பது உண்மையே. அந்த அளவுகோலையே நாமும் வீட்டில் பிடித்துக்கொண்டு, 'பக்கத்தில்தானே காலேஜ், எதுக்கு ஹாஸ்டல்?' என்று கேட்பதுதான் நம்மை உறுத்துகிறது.

இத்தகைய பிள்ளை யாரிடமாவது வாய்திறந்தால் இரண்டு குரல்கள் உடனே பதில் சொல்லும். ஒன்று, 'பெற்றவர்களை விட்டுப் போவதா? எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்தார்கள்!' என்பது. மற்றொன்று அண்மைக் காலத்தில் வலுத்த குரல். 'உன் வாழ்க்கை உன்னுடையது, உனக்கு நிம்மதி தராதவர்களை உதறிவிட்டுப் போ' என்கிறது. முதற்குரல் வளர்த்த நன்றியைச் சங்கிலியாக மாற்றுகிறது. இரண்டாம் குரலோ, தாயையும் தம்பியையும் பயணத்தில் இறக்கிவைக்கும் மூட்டைகளாக எண்ணுகிறது. இரண்டுக்கும் அந்த வீட்டைத் தெரியாது. முதற்குரலில் ஓரளவு நியாயம் இருப்பதால் அதைச் சற்று நின்று கேட்போம்.

தாயையும் தந்தையையும் போற்றுதல் நமக்கு இரு வழியாக வந்த மரபு. கொன்றைவேந்தன் அவர்களைக் கொண்டே தொடங்குகிறது. பத்துக் கட்டளைகளிலும், கடவுளைப் பற்றிய கட்டளைகள் முடிந்து மனிதரைப் பற்றிய கட்டளைகள் தொடங்குமிடத்தில், நான்காவதாக நிற்பது இதுவே. அக்கட்டளையின் எபிரேய வினைச்சொல்லுக்கு வேர்ப்பொருள் 'எடை', 'கனம்' என்பதாகும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பொன்றில் 'கனம்பண்ணு' என்று வந்திருப்பது இவ்வகையில் வியப்பளிக்கும் பொருத்தம். ஒருவரைக் கனமுள்ளவராகக் கருது, இலேசாக எண்ணி ஊதித் தள்ளிவிடாதே என்பதே கட்டளையின் உட்கருத்து. அவர் செய்வதையெல்லாம் சகித்துக்கொள் என்றோ, அவர் கூரையின்கீழேயே இரு என்றோ அச்சொல்லில் எங்கும் இல்லை. மேலும், பிள்ளைகளுக்குப் பெற்றோரை மதிக்கச் சொன்ன பவுலடியார் அதே மூச்சில் தந்தையரை நோக்கியும் திரும்புகிறார். பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டி அவர்களை மனந்தளரச் செய்ய வேண்டாம் என்று எபேசியருக்கும் கொலோசையருக்கும் எழுதுகிறார். நம் மறையுரைகளில் முதற்பாதிக்குக் கிடைக்கும் நேரம் இரண்டாம் பாதிக்குக் கிடைப்பதில்லை என்பது நம் தனிப்பட்ட மனக்குறை.

1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் தெளிவாகவே பேசுகிறது. பிள்ளைகள் வளர்ந்து தம் காலில் நிற்கும்போது பெற்றோருக்குக் கீழ்ப்படியும் கடமை முடிவுறுகிறது. மதிப்போ என்றைக்கும் உரியது என்கிறது அது. கீழ்ப்படிதலுக்கு ஒரு முடிவு நாள் உண்டு என்று சொல்ல நம்மில் பலருக்கு நா எழாது. கல்லூரிப் பருவம் அந்த முடிவு நாளை ஒட்டிய காலம். சட்டப்படி பதினெட்டு நிறைந்தாயிற்று. ஆனால் கட்டணம் கட்டுவது அப்பா. பாதிக் கால் வெளியே, பாதிக் கால் உள்ளே. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு கல்லூரி மாணவரின் வாழ்க்கை நமக்குத் துணைக்கு வருகிறது. அவர் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். வயது ஏறத்தாழப் பத்தொன்பது. செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பம் அவரை மோந்தே கசினோ மடத்தின் அதிபராக்கக் கனவு கண்டது. அவரோ அக்காலத்தில் புதிதாகத் தோன்றியிருந்த, பிச்சையேற்று வாழும் சாமிநாதர் சபையில் 1244-இல் சேர்ந்தார். உடன்பிறந்தவர்களே வழியில் மறித்துப் பிடித்தனர். குடும்பத்தின் கோட்டையில் ஓராண்டளவு அடைத்து வைத்தனர். பிற்காலத்தில் திருச்சபையின் மாபெரும் இறையியலாராகப் போற்றப்பட்ட புனித தோமா அக்குவினாரே அவர். வீடு சிறையாவது எப்படி என்பது அவருக்கு ஏட்டறிவு அன்று.

அத்தகையவர் பின்னாளில் தம் இறையியல் தொகுப்பில், பெற்றோருக்குச் செய்யும் கடமையை விட்டுத் துறவறம் புகலாமா என்ற வினாவை எடுத்துக்கொள்கிறார். பட்ட வலியை நினைத்து, 'போகலாம்' என்று ஒரே சொல்லில் அவர் முடித்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ நிதானமாக வினாவை இரண்டாகப் பிரிக்கிறார். பிள்ளையின் உதவியின்றிப் பெற்றோர் தக்கவாறு வாழவே இயலாத தேவையில் இருந்தால், அக்கடமையைத் தள்ளிவிட்டுத் துறவறம் புகுவது தகாது. அத்தகைய பெருந்தேவை இல்லையெனில், பெற்றோர் வேண்டாமென்று கட்டளையிட்டாலும் போகலாம். உரிய வயது வந்தவருக்குத் தம் வாழ்க்கை நிலையை அமைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அவர் பார்த்தது பெற்றோரின் கோபத்தையன்று, அவர்களது தேவையை. பெற்றோர் வருந்துவார்கள், அழுவார்கள், சபிப்பார்கள் என்பது அவர் தராசில் இல்லை. அவர்கள் பட்டினி கிடப்பார்களா என்பது இருக்கிறது.

அவர் பேசியது துறவறத்தைப் பற்றி, இங்கு நாம் பேசுவது விடுதி அறையைப் பற்றி என்று ஒருவர் மறுக்கலாம். உயர்ந்த நோக்கத்துக்குக் கிடைத்த உரிமை உறக்கத்துக்கும் படிப்புக்கும் கிடைக்குமா? கிடைக்கும் என்றே நாம் கருதுகிறோம். துறவறம் புகுபவர் பெரும்பாலும் திரும்புவதில்லை. விடுதிக்குப் போகும் மகள் சனிக்கிழமை மாலை திரும்பி வருகிறாள். பெரிய பிரிவையே தடுக்காத ஒரு நெறி இந்தச் சிறிய பிரிவைத் தடுக்கும் என்று சொல்ல வழியில்லை.

ஆனால் 'தேவை' என்ற சொல்லை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். நோயுற்ற தாய்க்கு மருந்து கொடுக்கவும், எழுந்து நடக்க முடியாத பாட்டியைத் தூக்கி அமர்த்தவும் வேறு கையில்லாத வீடு உண்டு. அந்த வீட்டின் நெருக்கடி யாருடைய குற்றமும் அன்று. அங்கிருந்து 'எனக்கு மனவுளைச்சல்' என்று கிளம்பும் முன் ஒருமுறைக்கு இருமுறை எண்ண வேண்டும். கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லித் தாய்தந்தையர்க்குச் செய்ய வேண்டியதைத் தவிர்த்தவர்களை இயேசு கடிந்துகொண்டதை மாற்கு எழுதியிருக்கிறார். 'கொர்பான்' என்பது அக்காணிக்கையின் பெயர். படிப்பு என்பதும் சிலநேரம் நம் காலத்துக் கொர்பான் ஆகிவிடுகிறது. குறிப்பாக ஆண்பிள்ளைகளுக்கு. மகன் படிக்க வேண்டுமென்று எளிதாக விடுதிக்கு அனுப்பப்படுகிறான். பாட்டியும் மருந்தும் அடுப்பும் மகளின் பங்காக மிஞ்சுகின்றன. அவளுக்கும் தேர்வு உண்டு என்பது தேர்வு முடிவு வரும் நாளில்தான் வீட்டுக்கு நினைவு வருகிறது. ஆகவே அண்ணன் போகலாமா என்று கேட்கும் வீட்டில், தங்கையின் பெயரும் அதே கணக்கில் எழுதப்பட வேண்டும்.

இதற்கு முற்றிலும் வேறான ஒரு தேவையும் உண்டு. பெற்றோர் தம் சண்டைக்கு நடுவராக, சாட்சியாக, தடுப்புச் சுவராகப் பிள்ளையை வைத்துக்கொள்வது. 'நீ இல்லாட்டி இந்த வீடு என்னாகும்?' என்று தாய் கேட்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளை நடுவில் வந்து நின்றால் ஓங்கிய கை இறங்குகிறது. சில இரவுகளில் உண்மையாகவே இறங்குகிறது. இதை மறைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு நாம் அறிவுரை சொன்னால், அவள் நம்மை நம்ப மாட்டாள். அவளைத் தடுத்து நிறுத்துவது கொன்றைவேந்தனும் அன்று, கட்டளையும் அன்று. தான் இல்லாத ஓர் இரவில் அம்மாவுக்கு என்ன நேரும், தம்பி எங்கே போய் ஒளிவான் என்ற நினைவே அவள் காலைக் கட்டுகிறது.

இந்த நினைவைக் கோழைத்தனம் என்றோ மிகையுணர்ச்சி என்றோ ஒதுக்க நமக்கு உரிமையில்லை. அது அன்பு. ஆனாலும் நாம் கேட்க விரும்பும் வினா ஒன்று உண்டு. அவள் தடுப்புச் சுவராக நிற்பது எத்தனை ஆண்டுகளுக்கு? இளங்கலை மூன்றாண்டு. அதன்பின் வேலை; அதன்பின் திருமணம். ஒருநாள் அவள் போகத்தான் போகிறாள். அன்றும் அந்த வீடு இப்படியே இருக்குமாயின், அவள் நின்ற ஆண்டுகள் எதை மாற்றின? சில அடிகள் விழாமல் தடுத்தன. அது சிறிய செயலன்று. ஆனால் அதே ஆண்டுகளில் அந்த வீட்டின் இரகசியத்தையும் அவளே காத்துவந்தாள். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டியவள் அவளே. 'ராத்திரி என்ன சத்தம்?' என்று கேட்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் 'டிவிதான்' என்று சொன்னவளும் அவளே. இதற்காக நாம் அவளைக் குற்றஞ்சாட்டவில்லை. மானம் காக்க வேண்டும் என்று நாமெல்லாரும் சேர்ந்தே அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இதில் நம் துணிபு இதுதான்: அவள் போகலாம், அந்த வீட்டை வாய்மூடிய நிலையில் விட்டுவிட்டுப் போகலாகாது. சென்றபின்னும் தாய்க்கும் தம்பிக்கும் அவள் செய்யக்கூடிய முதற்கடன், தான் மட்டும் அறிந்திருந்ததை வேறு ஒருவரேனும் அறியச் செய்வது. அவர் தாய்மாமனாக இருக்கலாம். நிதானமுள்ள ஓர் அத்தையாக இருக்கலாம். தம்பியின் வகுப்பாசிரியராக, பங்குத்தந்தையாக, அன்பியத்தில் வாய் அடக்கம் உடைய ஒரு பெரியவராக இருக்கலாம். 'நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கமாட்டேன். ஏதாவதுன்னா தம்பி உங்களுக்கு போன் பண்ணுவான்' என்று ஒரே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போனால், அவ்வளவு காலம் ஒரு பெண் தனியாகத் தாங்கிய சுவரில் இன்னொரு தோளும் சேர்கிறது. அந்த ஒருவரிடம் சொல்வது விடுதிக் கட்டணத்தைத் திரட்டுவதைவிடக் கடினம் என்பதை நாம் அறிவோம்.

சட்டமும் இங்கு வெறுங்கையுடன் நிற்கவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் மனைவிக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. ஒரே வீட்டில் வாழும் மகளும் அதன்கீழ்ப் பாதுகாப்புக் கோரலாம். மாவட்டந்தோறும் இதற்கெனப் பாதுகாப்பு அலுவலர்கள் உள்ளனர். அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு, வன்முறை செய்யும் ஆண்மகனைக் கூட்டுவீட்டை விட்டு விலகியிருக்கும்படி ஆணையிட நடுவர்க்கு அதிகாரம் தருகிறது. அதை முதன்முறை படித்தபோது நாம் சிறிது நேரம் அசைவற்று இருந்தோம். யார் வெளியேறுவது என்ற வினாவை நாம் எப்போதும் அடிபட்டவரிடமே கேட்டுப் பழகியிருக்கிறோம். பெண்களுக்கான உதவி எண் 181. தம்பி பதினெட்டு வயதுக்குட்பட்டவன் ஆதலால் அவனுக்கு 1098. இவ்விரண்டையும் அவன் பாடக்குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதிக்கொடுப்பது ஒன்றும் பெற்றோரைக் காட்டிக்கொடுப்பதாகாது.

போவதென்று தீர்மானித்தபின் பணம் வருகிறது. இங்கே ஒரு விசித்திரமான முடிச்சு உண்டு. யாரிடமிருந்து விலகிப் போகிறாளோ, அவருடைய உழைப்பில்தான் பெரும்பாலும் விடுதிக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கிறது. அதைப் பெற்றுக்கொள்வது இரட்டை வேடம் என்று மனச்சான்று கூர்மையான பிள்ளைகள் வருந்துகின்றனர். வருந்தத் தேவையில்லை. படிக்க வைப்பது தந்தையின் கடமை. குடித்த தந்தையாயினும் அக்கடமையை அவர் செய்யும்போது அதைப் பெற்றுக்கொள்வது அவரைக் கனப்படுத்துவதே. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்விக்கு வந்த மாணவியர்க்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவர்க்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் அளிக்க ஏற்பட்டவை. தனியார் விடுதியில் அது மூலைக்குக் காணாது. ஆயினும் தந்தையின் கையைப் பாராத ஆயிரம் ரூபாய்க்கு வேறொரு மதிப்பு உண்டு. அவசரத்துக்குப் பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போக அது போதும்.

எப்படிப் போவது என்பதும் சிறிய செய்தியன்று. சண்டையின் உச்சியில் 'நான் போறேன்' என்று கத்திவிட்டுப் போவது மறுநாள் திரும்பி வரும் போக்கு; அல்லது என்றுமே திரும்ப இயலாத போக்கு. தந்தை தெளிந்திருக்கும் காலை நேரம் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. அப்போது, குற்றப்பட்டியல் வாசிக்காமல், 'எனக்கு ராத்திரி தூக்கம் இல்லப்பா, பரீட்சை எழுத முடியல' என்று மட்டும் சொல்லலாம். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று. முழு உண்மையைத் தாங்கும் காலம் அவருக்கு வராமலே போகலாம். அடிக்கு அஞ்சி அதுவும் சொல்ல முடியாத வீடாயின், சொல்லாமலே போவதற்கு அந்தப் பிள்ளையை நாம் குறைகூற மாட்டோம்.

விடுதியை விண்ணகமாக வருணிக்கவும் நமக்கு மனமில்லை. வெண்டைக்காய்க் குழம்பும் குளியலறை வரிசையும் இருக்கட்டும். முதல் சில வாரங்களில் அங்கே வேறொன்று நேரக்கூடும். வீட்டில் எந்த ஓசைக்கும் துள்ளி எழப் பழகிய உடல், அமைதியான அறையிலும் நள்ளிரவில் துள்ளி எழுகிறது. கதவு சாத்தும் ஓசைக்கு நெஞ்சு படபடக்கிறது. 'இங்க வந்தும் இப்படியா?' என்று அந்தப் பிள்ளை தன்னையே வெறுத்துக்கொள்ளும். நெடுநாள் காவலிருந்த உடலுக்குக் காவல் முடிந்தது என்று புரியக் காலம் வேண்டும். அது நீடித்தால் மருத்துவரிடமோ கல்லூரி ஆற்றுப்படுத்துநரிடமோ சொல்வதில் இழிவில்லை. 14416 என்ற எண்ணில் நடுவணரசின் மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் முதல் நடந்துவருகிறது, தமிழிலேயே பேசலாம்.

போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை, இடம் கிடைக்கவில்லை, அல்லது எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் தம்பிக்காக இன்னும் இரண்டாண்டு இருப்பதென்று தாமே தீர்மானித்தவர்கள். இவர்களை நாம் துணிவற்றவர்கள் என்று எண்ணலாகாது. தெரிந்து தெரிவுசெய்த தங்கலுக்கும், அச்சத்தால் கட்டுண்டு கிடத்தலுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாது, உள்ளிருப்பவருக்குத் தெரியும். மாலை எட்டு வரை நூலகம், தேர்வு மாதத்தில் மட்டும் சித்தி வீடு, ஞாயிறு பிற்பகலில் பங்கின் மறைக்கல்வி அறை என்று சிறுசிறு தொலைவுகளை அவர்கள் தேடிக்கொள்ளலாம். பங்கு மன்றக் கட்டடங்கள் வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டு மேசையும் ஒரு விளக்கும் போட்டு மாலையில் திறந்துவைக்க எந்தப் பங்குக்கும் பெருஞ்செலவு ஆகாது. திருவிழா ஒலிபெருக்கிக்கு நாம் கொடுப்பதைவிடக் குறைவே.

விடுதிகளை நடத்தும் அருட்சகோதரிகளிடமும் காப்பாளர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறோம். கிறிஸ்து பிறப்புக்கும் பொங்கலுக்கும் விடுதியைப் பூட்டி, இத்தனை மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவீர்கள். எல்லாரும் மகிழ்ச்சியோடு பெட்டி கட்டும் அந்த நாளில் ஒருத்தி மட்டும் மெதுவாகக் கட்டிக்கொண்டிருப்பாள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டாள். அறிவிப்பை ஒட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே, யார் யார் இங்கேயே இருக்க விரும்புகிறீர்கள் என்று தனித்தனியே, காரணம் கேளாமல், கேட்டுப் பாருங்கள். நான்கு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். அவர்களுக்காக ஓர் அறையையும் சமையற்கூடத்தில் ஓர் அடுப்பையும் விடுமுறையிலும் விட்டுவையுங்கள்.